தருமபுரி வாள்வீச்சுப் போட்டி: பூல், நாக் அவுட் போட எந்த மென்பொருள் நல்லது?

பாலக்கோடு_பிடி
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் தருமபுரியில் ஒரு பள்ளி மண்டபத்தில் 14 வயதுக்குட்பட்டோருக்கான வாள்வீச்சுப் போட்டி நடத்துகிறோம். கிருஷ்ணகிரி மாவட்டப் பிள்ளைகளும் வருகிறார்கள். மூன்று வகை வாளுக்கும் இதுவரை வந்திருக்கும் பெயர்கள் இப்படி:

எப்பே: பையன்கள் 26, பெண்கள் 17
ஃபாயில்: பையன்கள் 21, பெண்கள் 12
சேபர்: பையன்கள் 10, பெண்கள் 6

மொத்தம் 92 பேர். 4 பிஸ்ட் (ஆடும் நீளக் களம்) போட இடம் இருக்கிறது. விண்டோஸ் லேப்டாப் இரண்டு, பிரிண்டர் ஒன்று. மண்டபத்துக்குள் நெட் சுத்தமாக வராது, வாசலுக்கு வந்தால் இரண்டு கோடு காட்டும். முப்பது, நாற்பது பேர் வரும்போது எக்செல்லிலேயே ஓட்டினோம். இந்த முறை அது தாங்காது என்று தோன்றுகிறது. நுழைவுக் கட்டணம் முழுக்க மெடலுக்கும் நடுவர் பேட்டாவுக்கும் போய்விடும், அதனால் மென்பொருளுக்கு ஒதுக்கப் பெரிதாகப் பணம் இல்லை. ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை. முதலில் பூல், அதாவது சிறு குழுவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் மோதுவது, அதில் வரும் வரிசைப்படி நாக் அவுட். எதைப் போடலாம்?

ஓசூர்_சேபர்
சார், ஃபென்சிங் டைம் வாங்கிவிடுங்கள். அமெரிக்காவில் தேசியப் போட்டிகளே அதில்தான் நடக்கின்றன. திரை தெளிவாக இருக்கும், எந்த பிஸ்ட்டில் எந்த பூல், எத்தனை மணிக்கு என்று ஒரே பார்வையில் தெரியும். முடிவுகளை அவர்களுடைய தளத்தில் நேரலையாக ஏற்றலாம். எங்கள் ஓசூர்ப் பெற்றோர் பலர் பிள்ளைகளை பெங்களூருப் போட்டிகளுக்கும் அழைத்துப் போகிறவர்கள், போனில் முடிவு பார்த்துப் பழகிவிட்டார்கள். இங்கே வந்து சுவரில் ஒட்டிய தாளைத் தேடச் சொன்னால் டேபிளைச் சுற்றி நின்றுகொண்டு நம்மை வேலை செய்ய விட மாட்டார்கள். லைசென்ஸுக்குக் காசு உண்டு, விண்டோஸில் மட்டும்தான் ஓடும். உங்களிடம் விண்டோஸ் இருக்கிறதே.

காரிமங்கலம்_கணக்கு
92 பேருக்கு எதற்கு சார் காசு? நல்ல எக்செல் ஷீட் ஒன்று போதும். நானே செய்து வைத்திருக்கிறேன், 5 பேர், 6 பேர், 7 பேர் பூலுக்குத் தனித்தனி தாள், ஸ்கோர் அடித்தால் வெற்றி எண்ணிக்கை தானாக வரும். வேண்டுமானால் அனுப்புகிறேன். புது மென்பொருளைக் கற்றுக்கொண்டு போட்டி அன்றைக்கு முழிப்பதைவிடத் தெரிந்ததே மேல்.

நடுவர்_அரூர்
காரிமங்கலம் அண்ணா, உங்கள் ஷீட்டைக் குறை சொல்லவில்லை, ஒன்று மட்டும் கேட்கிறேன். வெற்றி எண்ணிக்கை வரும் என்கிறீர்கள். பூல் முடிந்து மொத்த வரிசை போடும்போது எதை வைத்து வரிசைப்படுத்துகிறீர்கள்?

26 பேரை 4 பிஸ்ட்டில் விட்டால் 7, 7, 6, 6 என்று பூல் விழும். 7 பேர் பூலில் ஒருவருக்கு 6 பவுட் (ஆட்டம்), 6 பேர் பூலில் 5 பவுட். இரண்டிலும் ஆளுக்கு 4 வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கைப்படி இருவரும் சமம். ஆனால் விதிப்படி வெற்றியை ஆடிய பவுட்டால் வகுக்க வேண்டும். 6க்கு 4 என்றால் 0.667, 5க்கு 4 என்றால் 0.800. நாக் அவுட்டில் இது நாலைந்து இடம் தள்ளிப் போடும், யார் யாரோடு மோதுவது என்பதே மாறிவிடும். விகிதம் சமமானால் போட்ட டச்சில் (வாளால் தொட்டு எடுத்த புள்ளி) வாங்கிய டச்சைக் கழித்துப் பார்க்க வேண்டும். அதுவும் சமமானால் போட்ட டச் யாருக்கு அதிகம் என்று பார்க்க வேண்டும். அதுவும் சமம் என்றால் சீட்டுக் குலுக்கல்.

போன வருடம் வெளி மாவட்டம் ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். அங்கே எக்செல்லில் வெற்றி எண்ணிக்கையை மட்டும் வைத்து வரிசை போட்டுவிட்டார்கள். நாக் அவுட் முதல் சுற்றுப் பாதி முடிந்த பிறகுதான் ஒரு கோச் கையில் கால்குலேட்டரோடு வந்தார். அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. பூல் நடுவில் ஒரு பிள்ளை காயம் பட்டோ வாந்தி எடுத்தோ விலகினால், அந்தப் பிள்ளை அந்த பூலில் ஆடிய எல்லா பவுட்டும் ஆடாததாகக் கருதப்படும். மற்ற ஐந்து பேரின் வெற்றியும் டச்சும் மாறும். மென்பொருளில் விலகல் என்று குறித்தால் போதும். எக்செல்லில் ஒவ்வொரு கட்டமாக அழித்து, வகுக்கும் எண்ணையும் மாற்ற வேண்டும். வெளியே பத்துப் பேர் கத்திக்கொண்டிருக்கும்போது இதைச் சரியாகச் செய்வது கஷ்டம்.

காரிமங்கலம்_கணக்கு
விகிதம் போடுவது ஒரு ஃபார்முலாதான், சேர்த்துவிடலாம். விலகல் விஷயம் மட்டும் யோசிக்க வேண்டியதுதான்.

லினக்ஸ்_பர்கூர்
பாலக்கோடு சார், பெல்பூல் பாருங்கள். பிரான்சில் உருவானது, இலவசம், மூல நிரலும் திறந்தது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். முக்கியமாக உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும், நெட் இல்லாமல் முழுப் போட்டியையும் முடிக்கலாம்.

வேலை செய்யும் விதம் இது. முதலில் ஆள் பட்டியல். வந்தவர்களுக்கு மட்டும் டிக் அடிக்க வேண்டும். இந்த வருகைப் பதிவைப் பத்து மணிக்கு மூடிவிடுங்கள், இல்லையென்றால் பூல் போட்ட பிறகு பேருந்தில் வந்து இறங்கும் பிள்ளைக்காக எல்லாவற்றையும் கலைக்க வேண்டிவரும். அடுத்து பூல் பிரிப்பு. தரவரிசைப்படி முதல் நாலு பேரை நாலு பூலில் வைத்து, ஐந்தாம் ஆளிலிருந்து திரும்பி வருகிற மாதிரி வளைத்து வளைத்து நிரப்பும். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே பூலில் குவியாமல் பிரித்துவிடும். எதை வைத்துப் பிரிப்பது என்று அமைப்பில் நாமே சொல்லலாம்.

பூல் தாளை அச்சடித்தால் பவுட் வரிசையும் அதிலேயே வரும். 6 பேர் என்றால் 1-2, 4-5, 2-3, 5-6, 3-1 என்று போகும், ஒரே ஆள் அடுத்தடுத்து ஆடாமல் மூச்சு வாங்க இடம் விட்டு அமைத்த வரிசை. தாளை நடுவர் நிரப்பிக் கொடுத்ததும் ஸ்கோரை ஏற்றினால் தரவரிசை, அதிலிருந்து நாக் அவுட் கட்டம், பை (முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது) யாருக்கு என்பது எல்லாம் தானாக வந்துவிடும்.

திரையில் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், பொத்தான்களைத் தேட வேண்டியிருக்கும். ஒரு மாலை உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும்.

ஓசூர்_சேபர்
பெல்பூல் இலவசம் என்பது சரி, ஆனால் சிக்கல் வந்தால் யாரைக் கேட்பது? காசு கொடுத்து வாங்கியதற்கு உதவி கிடைக்கும். அப்புறம் நேரலைக்கு என்ன வழி?

லினக்ஸ்_பர்கூர்
நெட்டே வராத மண்டபத்தில் எந்த மென்பொருளும் நேரலை தராது, ஃபென்சிங் டைம் உட்பட. பூல் முடிவை பிடிஎஃப் ஆக எடுத்து, வாசலில் நிற்கும் ஒரு தன்னார்வலர் போன் வழியாக வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஓசூர்ப் பெற்றோருக்கும் அதே தகவல்தான். ஐந்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். உதவிக்கு நான் இருக்கிறேன், பர்கூரிலிருந்து தருமபுரி வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

எப்பே_அம்மா
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் பவுட்டை 15-3 என்று ஜெயித்த பிறகுதான் எங்கள் வீட்டில் இந்த விளையாட்டின் பெயரே தெரியும். இப்போது மகள் எப்பே ஆடுகிறாள். என் சந்தேகம், இந்த மென்பொருள் யார் முதலில் தொட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுமா? போன முறை அதில்தான் சண்டை வந்தது.

நடுவர்_அரூர்
இல்லை மேடம். தொட்டது யார் என்று சொல்வது பிஸ்ட் பக்கத்தில் இருக்கும் பாக்ஸ். வாள் நுனி அழுந்தினால் பாடி ஒயர், ரீல் வழியாக பாக்ஸுக்குப் போய் விளக்கு எரியும். எப்பேயில் முதல் டச்சுக்குப் பிறகு ஒரு நொடியில் 25ல் ஒரு பங்கு நேரத்துக்குள் எதிராளியும் தொட்டால் இரண்டு விளக்கும் எரியும், இருவருக்கும் பாயின்ட். அதைத் தாண்டினால் இரண்டாவது விளக்கு எரியாது. ஃபாயிலிலும் சேபரிலும் இரண்டு விளக்கு எரிந்தால் யாருடைய தாக்குதல் என்று நடுவர்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே பேசிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்கு இதில் எந்த வேலையும் இல்லை, நடுவர் எழுதித் தந்த ஸ்கோரை வைத்து வரிசை போடுவதோடு சரி. உங்கள் மகளின் பாடி ஒயரை முதல் நாளே ஒரு முறை சோதித்துவிடுங்கள், பாதிச் சண்டை அங்கிருந்துதான் வருகிறது.

எப்பே_அம்மா
நன்றி சார். இன்னொரு கேள்வி, பெயர் எப்படி எழுதுவார்கள்? ஒரு போட்டியில் என் மகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் அப்பா பெயர்தான் வந்தது. சான்றிதழிலும் அப்படியே.

ஓசூர்_சேபர்
இது எல்லா மென்பொருளிலும் உள்ள தலைவலி. குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். நமக்கு இருப்பது பெயரும் இனிஷியலும். ஒரு பள்ளி அப்பா பெயரைக் குடும்பப் பெயரில் போடும், இன்னொரு பள்ளி இனிஷியலை மட்டும் போடும், மூன்றாவது பள்ளி அந்தக் கட்டத்தைக் காலியாக விடும். பூல் தாளில் பெரிய எழுத்தில் வருவது குடும்பப் பெயர்தான். நடுவர் அப்பாவைக் கூப்பிடுவார், பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் வழி: பிள்ளையின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில், இனிஷியலை அடுத்த கட்டத்தில். எல்லாப் பள்ளிக்கும் இதையே சொல்லிவிட வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் வந்தால் இனிஷியலை விரித்து எழுதுங்கள்.

பாலக்கோடு_பிடி
நல்லவேளை கேட்டீர்கள் மேடம். என்னிடம் வந்த பட்டியலில் தர்ஷன் மட்டும் மூன்று பேர், அதில் இருவர் ஒரே பள்ளி, ஒரே இனிஷியல். எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் எண்) வாங்கியிருக்கிறேன், அதை வைத்துப் பிரிக்கலாமா?

நடுவர்_அரூர்
எமிஸ் எண்ணும் பிறந்த தேதியும் உங்கள் மூலப் பட்டியலில் இருக்கட்டும் சார், வயது சரிபார்க்க வேண்டும். ஆனால் சுவரில் ஒட்டும் தாளிலும் வாட்ஸ்அப்பில் போகும் பிடிஎஃப்பிலும் அது வரக்கூடாது. சில ஊரில் ஆதார் நகலையே குழுவில் போடுகிறார்கள், பார்க்கவே பயமாக இருக்கிறது. அந்த இரண்டு தர்ஷனுக்கு அப்பா பெயரை முழுசாகப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், மென்பொருளைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், நேரத்தை யாராவது கணக்குப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன்.

எப்பே பையன்கள் பூல் 72 பவுட், பெண்கள் 6, 6, 5 என்று 40. ஃபாயில் பையன்கள் மூன்று 7 பேர் பூல், 63. பெண்கள் 30. சேபர் 20, 15. ஆக பூல் மட்டும் 240 பவுட். எல்லோரையும் நாக் அவுட்டுக்கு எடுத்தால், மூன்றாம் இடத்துக்குத் தனி பவுட் இல்லாமல், இரண்டு வெண்கலம் என்று வைத்தால் இன்னும் 86. மொத்தம் 326.

5 டச் பவுட்டுக்கு ஆட்ட நேரம் 3 நிமிடம்தான், ஆனால் ஒயர் மாட்டி, சல்யூட் வைத்து, மாஸ்க் போட்டு முடிக்க சராசரி 5 நிமிடம் பிடியுங்கள். பிஸ்ட்டுக்கு 60 பவுட், 5 மணி நேரம். 15 டச் பவுட்டுக்கு இடைவேளையோடு 12 நிமிடம் என்றால் பிஸ்ட்டுக்கு 22 பவுட், கிட்டத்தட்ட நாலரை மணி நேரம். இறுதிச் சுற்றுகள் ஒவ்வொன்றாக நடக்கும் என்பதால் இன்னும் இழுக்கும். ஒன்பதரை மணி நேரம், சாப்பாடு இல்லாமல். நீங்கள் ஒன்பது மணி என்று போடுவீர்கள், சிறப்பு விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றும்போது பத்தரை.

பாலக்கோடு_பிடி
அடேங்கப்பா. நாக் அவுட்டை 10 டச் ஆக்கினால்?

நடுவர்_அரூர்
உள்ளூர்ப் போட்டி, அமைப்பாளர் முடிவு செய்யலாம். ஆனால் மேலே போய் 15 ஆடப்போகிற பிள்ளைகள், இங்கே பழகட்டும் என்பது என் எண்ணம். அதைவிட சேபர் இரண்டையும் ஃபாயில் பெண்களையும் சனிக்கிழமை மதியத்துக்குத் தள்ளுங்கள். 90 பவுட் குறையும். நாலு பிஸ்ட்டில் மூன்று மணி நேரத்தில் முடியும், சேபர் இன்னும் சீக்கிரமே. ஞாயிற்றுக்கிழமை 236 பவுட், ஏழு மணி நேரம். சேபர் நடுவர்களுக்கும் ஞாயிறு ஓய்வு கிடைக்கும்.

ஓசூர்_சேபர்
சனிக்கிழமை மதியம் என்றால் ஓசூரிலிருந்து வருகிறவர்கள் அரை நாள் பள்ளிக்கு விடுப்பு எடுக்க வேண்டும். ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு கிளம்புவதற்கு அது பரவாயில்லை. நான் பேசிப் பார்க்கிறேன்.

பழைய_மாஸ்டர்_கிருஷ்ணகிரி
பிள்ளைகளே, எந்த மென்பொருளானாலும் போடுங்கள். தாளை மட்டும் விடாதீர்கள். பூல் தாளில் நடுவர் கையெழுத்து, ஆடிய பிள்ளைகளின் கையெழுத்து இரண்டும் வேண்டும். தகராறு வந்தால் லேப்டாப் திரையைக் காட்டி யாரையும் சமாதானப்படுத்த முடியாது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரிதான், ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் அடிக்க வேண்டும், அடித்ததைத் திரும்ப வாசித்துச் சரிபார்க்க வேண்டும்.

குறிப்பாக ஒன்று. நேரம் முடிந்து ஒரு பையன் 4-3 என்று ஜெயித்தால் நடுவர் வெற்றிக் குறியோடு பக்கத்தில் 4 என்று எழுத வேண்டும். அவசரத்தில் குறியை மட்டும் போட்டுவிடுவார்கள். வெறும் குறி என்றால் 5 டச் என்று அர்த்தம், டேபிளில் இருப்பவர் 5 என்றே ஏற்றுவார். அந்த ஒரு டச்சில் வரிசை மாறும். இதை நடுவர் கூட்டத்தில் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

கரண்ட் பற்றியும் யாரும் பேசவில்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்றைக்கு என்று பார்த்துக்கொண்டீர்களா? லேப்டாப் பேட்டரியில் ஓடும், பிரிண்டர் ஓடாது.

காரிமங்கலம்_கணக்கு
மாஸ்டர் சொன்னது சரி. காலி பூல் தாளை 5, 6, 7 பேருக்கு முதல் நாளே பத்துப் பத்து அச்சடித்து வைத்துவிடலாம், பிரிண்டர் படுத்தால் கையால் பெயர் எழுதிக்கொள்ளலாம். அதற்கு என் எக்செல் தாள் உதவும். பவுட் வரிசையும் அதில் இருக்கிறது. அந்த அளவுக்காவது என் ஷீட்டுக்கு வேலை கொடுங்கள்.

சூளகிரி_பார்வையாளர்
என்கார்டு, ஓஃபார்ட் என்றெல்லாம் கேள்விப்பட்டேனே, உலகக் கோப்பைகளில் வருவது. அவை வேண்டாமா?

லினக்ஸ்_பர்கூர்
நல்லவைதான். என்கார்டும் பிரான்சுதான், ரொம்பக் காலமாகப் பெரிய போட்டிகளில் ஓடுவது. ஓஃபார்ட் ஜெர்மனி, பெரும்பாலும் இணையத்தை நம்பியது. வீரர் பதிவு, உரிமம், சர்வதேசத் தரவரிசை என்று பெரிய ஏற்பாட்டுக்கு அது வேண்டும். நம் 92 பிள்ளைகளுக்கு, இரண்டு கோடு சிக்னலில், அது எதற்கு?

பாலக்கோடு சார், பெல்பூல் போடுவதானால் ஒன்று செய்யுங்கள். உங்கள் பழைய போட்டிப் பட்டியல் ஏதாவது ஒன்றை ஏற்றி, பொய் ஸ்கோர் கொடுத்து முதலிலிருந்து இறுதி வரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் ஒருவரை விலக்கிப் பாருங்கள். வேண்டுமென்றே ஒரு ஸ்கோரைத் தப்பாக அடித்து, நாக் அவுட் வந்த பிறகு திரும்பிப் போய்த் திருத்திப் பாருங்கள். அந்த இடத்தில்தான் கை நடுங்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஃபைலை பென் டிரைவில் நகலெடுத்து இரண்டாவது லேப்டாப்பில் திறந்து பார்க்க ஒரு ஆளைப் போடுங்கள். நடுவர்கள் போனிலேயே ஸ்கோர் அனுப்பும் வசதியும் பெல்பூலில் இருக்கிறது, உள்ளூர் வைஃபை இருந்தால் போதும். முதல் முறைக்கு அது வேண்டாம், தாளே இருக்கட்டும்.

ஓசூர்_சேபர்
ஒரு பள்ளியிலிருந்து மட்டும் எப்பேக்கு 11 பையன்கள் வருகிறார்கள் என்று கேள்வி. 4 பூலில் எப்படிப் பிரித்தாலும் 3, 3, 3, 2 என்றுதான் விழும். எங்கள் பெற்றோர் இதைப் பார்த்துவிட்டுக் கூட்டுச் சதி என்பார்கள். அதற்கு?

நடுவர்_அரூர்
அதற்குத்தான் ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரு பூலில் இருந்தால் அவர்களுக்குள் முதலில் மோதவிடுகிறோம். கடைசியில் யாருக்கு எத்தனை வெற்றி தேவை என்று தெரிந்த பிறகு ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க முடியாது. பள்ளிப் பெயரை எல்லோருக்கும் ஒரே எழுத்தில் அடித்திருந்தால்தான் மென்பொருளுக்கு ஒரே பள்ளி என்று தெரியும். ஒருவருக்கு அரசு மேல்நிலைப் பள்ளி, இன்னொருவருக்குச் சுருக்கமாக அ.மே.நி.ப. என்று இருந்தால் அது இரண்டு பள்ளியாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

பாலக்கோடு_பிடி
எல்லோருக்கும் நன்றி. பெல்பூல் போடுகிறோம். சேபரும் ஃபாயில் பெண்களும் சனிக்கிழமை 2 மணிக்கு, மற்றவை ஞாயிறு. நாக் அவுட் 15 டச். பெயர்ப் பட்டியலைப் பள்ளிவாரியாகத் திருத்தி அனுப்பச் சொல்லி இன்று இரவே தகவல் போகும், புதன்கிழமைக்குப் பிறகு வரும் பெயருக்கு இடமில்லை. ஓசூர் தம்பிக்காக வாட்ஸ்அப் குழு ஒன்று தனியாக, அதில் டேபிள் ஆள் மட்டும்தான் பதிவிட முடியும்.

பர்கூர் தம்பி, வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கு வர முடியுமா? ஒத்திகை பார்த்துவிடலாம். சாப்பாடு என் பொறுப்பு.

லினக்ஸ்_பர்கூர்
வந்துவிடுகிறேன் சார். என் லேப்டாப்பையும் எடுத்து வருகிறேன், மூன்றாவதாக இருக்கட்டும்.

காரிமங்கலம்_கணக்கு
காலி பூல் தாள் ரெடி. நாலு பாக்ஸ், இரண்டு லேப்டாப், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் மண்டபத்தில் எத்தனை பிளக் பாயின்ட் இருக்கிறது? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யார் கொண்டுவருகிறீர்கள்?

எப்பே_அம்மா
எங்கள் கடையில் நீள ஒயரோடு மூன்று இருக்கிறது. சனிக்கிழமை காலையிலேயே கொண்டுவந்து தந்துவிடுகிறேன்.